பாதிச் சம்பளம்

தம்பின் ரயில் நிலையத்தில் இறங்கியதும் என் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அண்ணன் நேராக டாக்சிக்காரரிடம் போய் நிற்பார். நாங்கள் குடியிருக்கும் தோட்டத்துக்குப் போக எவ்வளவு என்று கேட்கமாட்டார். "ஏண்ணே, மாசம் பூரா ஓட்டுனா கையில எவ்ளோ நிக்கும்?" என்று கேட்பார். டாக்சிக்காரர் அப்பாவைப் பார்ப்பார். அப்பா தண்டவாளத்தைப் பார்ப்பார். "ஏதோ ஓடுது தம்பி. பெட்ரோல் காசு போனா என்னாலா மிஞ்சும்?" என்று டாக்சிக்காரர் இழுத்துச் சொல்வார். அண்ணன் விடமாட்டார். வண்டி சொந்தமா வாடகையா, டயர் மாற்ற என்ன ஆகும், ரோட்டு வரி எவ்வளவு என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வருவார். செம்பனை மரங்கள் தொடங்கும் முச்சந்திக்கு வருவதற்குள் அந்த மனிதரின் பிழைப்பு முழுவதும் அண்ணனுக்கு மனப்பாடமாகியிருக்கும். பின் இருக்கையில் அண்ணனுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு நான் வெட்கத்தில் குறுகிப்போய் உட்கார்ந்திருப்பேன். ஆனாலும் அந்தப் பையிலிருந்து வரும் சோப்பு வாசனையும், முன்னால் கேட்கும் அண்ணன் குரலும் எனக்கு அப்படிப் பிடிக்கும். வருடம் முழுக்க அந்தக் குரலுக்காகத்தானே காத்திருந்தோம்.

அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, சிரம்பானில் வெல்டிங் படித்து, வேலை தேடித் தெற்கே போனபோது நான் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் கிறிஸ்துவக் குடும்பம். ஊருக்கெல்லாம் கிறிஸ்மஸ் டிசம்பரில் வரும். எங்கள் வீட்டுக்கு அது சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்குத்தான் வரும். ஏனென்றால் பட்டறையை ஒரு வாரம் சேர்ந்தாற்போல் மூடுவது அப்போதுதான். அம்மா கிறிஸ்மஸுக்குச் சுட்ட அச்சு முறுக்கில் பாதியைத் தகர டின்னில் போட்டு, மூடியைச் சுற்றித் துணி கட்டி, பிப்ரவரி வரைக்கும் யாரையும் தொடவிடமாட்டார். எனக்கு எடுத்த புதுப் பாவாடை சட்டையும் டிசம்பரில் கோயிலுக்கு ஒருமுறை போட்டதோடு மடித்து வைக்கப்படும், அண்ணன் வரும்போது போடுவதற்காக. "சீனப் பெருநாளுக்குப் புதுச் சட்டை போடுற தமிழாளு இந்தத் தோட்டத்துல நீங்கதான்லா" என்று பக்கத்து வீட்டு அக்கா எங்களைக் கேலி செய்வார். செய்தால் என்ன? அந்த ஒரு வாரம் எங்கள் வீடு நிறைந்திருக்கும். மற்ற நாட்களில் மூன்று தட்டுதான்.

வந்த மறுநாளே அண்ணன் தோட்டத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார். யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். மோட்டாரில் ரொட்டி விற்க வருபவரை நிறுத்தி, ஒரு ரொட்டி வாங்கிவிட்டு, நாளைக்கு எத்தனை போகும், எவ்வளவு நிற்கும் என்று கேட்பார். தோட்டத்து மருந்தகத்தில் ஊசி போடும் டிரெசரிடம் போய், காய்ச்சலே இல்லாமல், வாயில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு அவருடைய சம்பளத்தைக் கேட்டவர் என் அண்ணன். டிரெசர் சிரித்துக்கொண்டே, "என்னா தம்பி, ஊசிக்கு இவ்ளோன்னு தனியாவா குடுக்குறான்? கெவர்மெண்டு ஆஸ்பத்திரிக்காரன் வாங்குறதுல பாதிகூட இல்ல" என்று சொல்லிவிட்டு மருந்துக் குப்பிகளைத் துடைக்கப் போய்விட்டார். பூசை முடிந்து வெளியே வந்த ஃபாதரைக்கூட அண்ணன் விடவில்லை. "ஃபாதர், ஒங்களுக்கு மாசம் எவ்ளோ வரும்?" ஃபாதர் மலையாளி, நல்ல தமிழ் பேசுவார். கொஞ்சமும் கோபப்படாமல், சாப்பாடு, காருக்குப் பெட்ரோல், கைச்செலவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லி, "போதுமா, வேலைக்குச் சேர்றியா?" என்று கேட்டார். அந்தத் தோட்டத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னவர் அவர் ஒருவர்தான் என்று இப்போது நினைக்கிறேன். அவருடைய வருமானத்தில் குறைத்துச் சொல்வதற்கும் ஒன்றும் இல்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று சொல்லத் தேவையில்லை. சிங்கப்பூர் காசு பேசுகிறது என்றார்கள். தன்னுடைய சம்பளம் எவ்வளவு உயரம் என்று அளந்து பார்ப்பதற்காகத்தான் மற்றவர்களைக் கேட்கிறான், நம்மையெல்லாம் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துக்கொள்கிறான் என்றார்கள். அம்மாவுக்கு இது காதில் விழும். "ஏன்டா, கேக்குறதுக்கு வேற கேள்வியே கெடைக்கலயா ஒனக்கு? பொண்டாட்டி சொகமா, புள்ளைங்க படிக்குதான்னு கேக்கக் கூடாதா?" என்று திட்டுவார். அண்ணன் அம்மாவின் தோளைப் பிடித்து ஆட்டிவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார். எனக்கும் அண்ணன் பெருமையடிக்கிறார் என்றுதான் பட்டது. அந்த வயதில் எனக்கு அதுவும் பெருமையாக இருந்தது என்பது வேறு விஷயம்.

இங்கே எங்கள் தோட்டத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சம்பளத்தை முழுதாகச் சொல்லும் வழக்கம் எங்களிடம் கிடையாது. கண் பட்டுவிடும் என்பார்கள். கைமாற்றுக் கேட்டு வந்துவிடுவார்கள் என்பார்கள். கோயில் சந்தாவைக் கூட்டிவிடுவார்கள் என்றும் ஒரு பயம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் லயத்துச் சுவர் இருந்தது. ஒட்டு ஒட்டாகக் கட்டிய வீடுகள். நடுவில் இருக்கும் பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குள் வாய் விட்டுச் சம்பளத்தைச் சொல்வது சட்டை போடாமல் கடைக்குப் போவது மாதிரி. அதனால் எல்லோரும் பாதியைத்தான் சொல்வார்கள். கேட்கிறவர்களும் அதை மனதுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்வார்கள். ஐந்நூறு என்று ஒருவர் சொன்னால் ஆயிரம் என்று மற்றவர் காதில் விழும். இருவருக்கும் இது தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றியதாக ஆகாது. பேச்சு வரத் தொடங்கும்போதே இந்தக் கணக்கும் எங்களுக்கு வந்துவிடும்.

அப்பா தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் ஓட்டினார். பழத்தை வேகவைக்க நீராவி வேண்டும். அந்த நீராவியைத் தருவது பாய்லர். பழத்தின் நாரையும் ஓட்டையும் அள்ளிப் போட்டு எரிப்பார்கள். அப்பா வீட்டுக்கு வரும்போது சட்டையில் கரியும் எண்ணெயும் கலந்து ஒரு இனிப்பு வாடை அடிக்கும். பழம் அதிகம் இறங்கும் மாதங்களில் ஆலை ஓயாது. அப்பாவும் ஓயமாட்டார். அதிகம் பேசாத மனிதர். அண்ணன் போன பிறகு இன்னும் குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு அண்ணனுடைய பழைய சைக்கிளை எடுத்து வைத்துத் துடைப்பார். ஓட்டுவதற்கு ஆள் இல்லாத சைக்கிள். செயினுக்கு எண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருப்பார். மகன் திரும்பி வரவேண்டும் என்ற ஆசை அப்பாவுக்கு இருந்த அளவுக்கு வேறு எதன் மேலும் இருந்ததில்லை. ஆனால் வா என்று ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. இரண்டு பங்கு சம்பளம் வாங்குகிறவனைப் பார்த்து எந்தத் தகப்பன் விட்டுவிட்டு வா என்று சொல்வான்?

ஒரு வருடம் அதற்கு வழி பிறந்தது போலிருந்தது. ஆலையின் பட்டறையில் வெல்டருக்கு இடம் காலியானது. அப்பா கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் இஞ்சினியரைப் பார்த்தார். என் மகன் கப்பலுக்கே பற்றவைக்கிறவன் என்று சொல்லியிருக்கிறார். பெருநாளுக்கு வருவான், வந்ததும் அழைத்து வா என்று இஞ்சினியர் சொல்லிவிட்டார். அப்பா இதை எங்களிடம் சொல்லிவிட்டு, அண்ணனுக்குத் தெரிவிக்காமல் வாரக்கணக்கில் பொத்தி வைத்திருந்தார். நேரில் சொல்லவேண்டும் என்று ஆசை. நான் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் நிரந்தரமாக வந்துவிட்டால் முன்னறையில் யார் படுப்பது, என் படிக்கும் மேசையை எங்கே நகர்த்துவது என்றெல்லாம் அம்மாவும் நானும் பேசி முடித்துவிட்டோம்.

பெருநாளுக்கு மறுநாள் மதியம். கோழிக்கறியும் ரசமும். அப்பா இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டு, தலை நிமிராமல் ஆரம்பித்தார்.

"ஒர்க்‌ஷாப்புல வெல்டருக்கு ஆளு கேக்குறாங்க."

அண்ணன் கை நின்றது. "நம்ம மில்லுலயாப்பா?"

"ம். இஞ்சினியர்கிட்ட பேசிட்டேன். வரச் சொன்னாரு."

"எவ்ளோ குடுப்பாங்க?"

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்கு அந்த இடம் தெளிவாகத் தெரிகிறது. அடுத்த வீட்டில் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் அப்போது நின்றது. அம்மா நிமிர்ந்து சுவரின் மேல் திறப்பைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். பிறகு எல்லோரும் சொல்வது போலவே, தன் வாழ்நாளெல்லாம் சொல்லிப் பழகியது போலவே அப்பா சொன்னார்: "ஒரு ஐந்நூறு வரும்."

"எல்லாஞ் சேத்தாப்பா? ஓ.டி.யும் சேத்தா?"

"எல்லாஞ் சேத்துத்தான்."

அண்ணன் ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். ஒரு வாய் உண்டார். "சரிப்பா" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை. அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தார், அண்ணன் ஏதாவது சொல்வார் என்று. பிறகு எழுந்து கை கழுவப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. அண்ணன் இஞ்சினியரைப் பார்க்கப் போகவில்லை. வாரக் கடைசியில் ரயில் ஏற்றிவிடப் போனபோது அப்பா பையைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு, வழக்கமாக நிற்பது போல ரயில் மறையும் வரை நிற்காமல், முன்னாலேயே நடந்துவிட்டார். நான் ஒருத்திதான் கையாட்டினேன். அண்ணன் ஜன்னலில் அப்பாவைத் தேடிக்கொண்டே போனார்.

அதன் பிறகு வாழ்க்கை அதன் பாட்டுக்குப் போனது. அண்ணன் ஜொகூரில் அண்ணியைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டார். ஜொகூர் பாருவில் வீடு வாங்கினார்கள். இரண்டு பிள்ளைகள். விடியும் முன்னே மோட்டாரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போவார். அந்தப் பாலத்தில் காலையில் எத்தனை ஆயிரம் மோட்டார் நிற்கும் என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எல்லோரும் நம் ஆட்கள்தான். டீச்சர் படிப்பு படித்தவர்கள் அங்கே காவல் வேலை பார்ப்பதுண்டு. கணக்கர் லோரி ஓட்டுவதுண்டு. இங்கே கௌரவமான வேலை எது, அங்கே கீழான வேலை எது என்ற கணக்கையெல்லாம் காசு மாற்றுக் கடைக்காரர் அழித்துவிட்டார். நான் அண்ணன் அனுப்பிய பணத்தில் சிரம்பானில் தங்கி ஆறாம் படிவம் படித்தேன். ஆசிரியர் கல்லூரிக்குப் போனேன். வேலை கிடைத்தது. மந்தினில் வரிசை வீடுகளில் ஒன்றை வாங்கினேன். முதல் சம்பளம் வாங்கிய மாதம், அண்ணன் கேட்பார் கேட்பார் என்று காத்திருந்தேன். டாக்சிக்காரரையும் ஃபாதரையும் கேட்டவர் என்னைக் கேட்காமல் இருப்பாரா? கேட்கவில்லை. "வேலையெல்லாம் புடிச்சிருக்கா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். ஊரில் இருக்கிற ஒவ்வொருவரின் பிழைப்பிலும் அக்கறை காட்டிய மனிதருக்கு என் பிழைப்பு மட்டும் ஒரு பொருட்டில்லையா என்று பட்டது.

அப்பா ஓய்வு பெற்று, தோட்டத்து வீட்டை விட்டு, தம்பினில் சிறிய வீட்டில் சில வருடம் இருந்தார். பிறகு போய்ச் சேர்ந்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. பழைய தோட்டத்து ஆட்கள் வந்திருந்தார்கள். ஆலையில் சம்பளக் கணக்கு எழுதிய கிராணியும் வந்திருந்தார். நரைத்து, காது கேட்கும் கருவி மாட்டி, ஆனாலும் அதே சத்தமான குரல். வாழையிலையில் பாயசத்தை ஊற்றிக்கொண்டே அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "ஒங்கப்பா மாதிரி பாய்லர்மேன் எனக்கு அப்புறம் கெடைக்கவே இல்ல தம்பி. பழம் எறங்குற மாசத்துல என்னைய விட அவருதான்லா கூட வாங்குவாரு. ஆயிரத்து எறநூறுக்குக் கொறஞ்சு நான் அவருக்குக் கவர் குடுத்ததா ஞாபகம் இல்ல."

அண்ணன் அவரையே பார்த்தார். பிறகு மெதுவாக, பழைய பழக்கத்தில் கேட்டார்: "அப்ப, ஒர்க்‌ஷாப்புல வெல்டருக்கு எவ்ளோ இருந்துச்சு?"

"வெல்டருக்கா? ஆயிரத்துக்குப் பக்கமா போகும். கெட்டிக்காரனா இருந்தா அதுக்கு மேலயும் போகும். வீடு சும்மா, தண்ணி சும்மா, லைட்டு சும்மா. ஏன் தம்பி?"

"சும்மாதான் கேட்டேன்" என்றார் அண்ணன். இலையை மடித்துவிட்டு எழுந்தார். பாயசத்தைத் தொடவில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்துபோனார்.

நான் அடுக்களைக்குப் போனேன். அம்மாவும் அண்ணியும் அங்கே இருந்தார்கள். கிராணியின் குரல் அவர்களுக்கும் கேட்டிருந்தது. அண்ணி கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். அவர்தான் முதலில் பேசினார். "எங்க கல்யாணம் ஆன புதுசுல இதையேதான் சொல்லிக்கிட்டு இருப்பாரு. சிங்கப்பூர் சம்பளத்துல பாதி, ஒரு ஆயிரம் வெள்ளி கெடச்சாப் போதும், ஊருக்குப் போயிருவேன், அப்பா அம்மாகூட இருப்பேன்னு. பெருநாளுக்குப் போறப்பல்லாம் யார் யாருக்கு எவ்ளோன்னு விசாரிச்சுட்டு வருவாரு. வந்து, எதுவும் சரியா வரல, பாதிகூட எங்கயும் வரலன்னு சொல்லுவாரு. அப்பா முன்னால மில்லுல பாத்து வச்ச வேலைக்கே ஐந்நூறுதானாம்னு ஒரு நாளு சொல்லிட்டு அன்னைக்கி சாப்புடவே இல்ல."

அம்மா பானையைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். "பாதியா? ஆயிரத்துக்கு வந்திருப்பானா?" என்று கேட்டார். அண்ணி தலையாட்டினார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அழுகை அடங்கிய பிறகு சொன்னார்: "ஒங்க மாமா என்னா சொன்னாரு தெரியுமாம்மா? ஆயிரம்னு சொல்லியும் வரமாட்டேங்குறான், சிங்கப்பூரு ருசிச்சுப் போச்சு அவனுக்குன்னு சொன்னாரு. அதோட அவனக் கூப்புடவே இல்ல."

ஆயிரம் என்றுதான் சொன்னதாக அப்பா கடைசிவரை நம்பியிருக்கிறார். தோட்டத்தில் பிறந்த பிள்ளை, ஐந்நூறு என்றால் ஆயிரம் என்று எடுத்துக்கொள்வான் என்று அவருக்கு நிச்சயம். அதில் அவருக்கு இம்மியளவும் சந்தேகம் வந்திருக்காது. ஆனால் அண்ணன் அதற்குள் பல வருடம் பட்டறையில் இருந்துவிட்டார். அங்கே எல்லோரும் சம்பளத்தை உள்ளது உள்ளபடி சொல்வார்கள். மணிக்கு இவ்வளவு, ஞாயிற்றுக்கிழமைக்கு இவ்வளவு என்று கப்பலின் மேல்தளத்தில் நின்று கத்திப் பேசுவார்களாம். இரண்டால் பெருக்க அண்ணனுக்கு மறந்துபோய்விட்டது. அதுவும் சொன்னவர் அப்பா. அப்பா சொன்னதைப் பெருக்கிப் பார்க்க எந்த மகனுக்குத் தோன்றும்? வரமாட்டேன் என்கிறான் என்று அப்பா நினைத்தார். வந்து ஐந்நூறில் எப்படிக் குடும்பம் நடத்துவது என்று அண்ணன் நினைத்தார். ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே சட்டியிலிருந்து ரசம் ஊற்றிக்கொண்டு, இரண்டு பேரும் வெவ்வேறு சம்பளத்தைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு வார்த்தை, கொல்லைப்புறத்தில் தனியாகக் கூட்டிப் போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தச் சைக்கிளை அண்ணனின் பிள்ளைகள் ஓட்டியிருப்பார்கள்.

அன்று மாலை அண்ணன் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஜொகூரில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன், அண்ணிக்கு வேலை. வா என்று சொல்வதற்கான காலம் எப்போதோ கடந்துவிட்டது. அதற்குப் பிறகு அண்ணன் யாருடைய சம்பளத்தையும் கேட்டு நான் பார்க்கவில்லை. சீனப் பெருநாளுக்கு மந்தினுக்கு வருவார். அம்மா என்னோடுதான் இருக்கிறார். அண்ணன் வந்தால் அம்மாவுக்குக் கால் பிடித்துவிடுவார், கூரை ஒழுகினால் அடைப்பார், வாசல் கம்பிக் கதவில் விட்டுப்போன இடத்தைப் பற்றவைப்பார். சும்மா இருக்கமாட்டார். ஆனால் அந்தக் கேள்வி போய்விட்டது. எத்தனையோ பேரைச் சங்கடப்படுத்திய அந்தக் கேள்விக்காக நான் இப்படி ஏங்குவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் பள்ளிக்கு ஒரு இளம் ஆசிரியை வந்தார். வந்த வாரமே ஆசிரியர் அறையில் என் எதிரில் உட்கார்ந்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல், "டீச்சர், இருபத்தஞ்சு வருஷம் சர்வீஸ் ஆனா எவ்ளோ எடுக்கலாம்? என் கூட்டாளிங்கள்லாம் சிங்கப்பூர்ல டியூஷன் சென்டர் போயிட்டாங்கலா. நானும் கம்பேர் பண்ணிப் பாக்குறேன்" என்றார். நான் சட்டென்று ஒரு தொகையைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நன்றாகக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். அரசாங்கச் சம்பளம். தரம் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். அதைப் போய் மறைத்திருக்கிறேன். அந்த அறையின் சுவர் கூரை வரைக்கும் நல்ல செங்கல் சுவர். அந்தப் பெண் நான் சொன்னதை அப்படியே நம்பி, உதட்டைப் பிதுக்கினார். "இரும்மா, இரு" என்று கையைப் பிடித்து நிறுத்தி, அடிப்படை, படி, பிடித்தம், ஓய்வூதியம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போவாரா இருப்பாரா என்பது அவர் பாடு. ஆனால் யாரும் பாதியைக் கேட்டுவிட்டுப் போகக் கூடாது.

இந்தப் பெருநாளுக்கு அண்ணன் தனியாகத்தான் வந்தார். அண்ணி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். அண்ணன் இன்னும் வேலைக்குப் போகிறார். முன்பு போலப் பற்றவைப்பதில்லை, கண் இடம் கொடுக்கவில்லை. மற்றவர்கள் பற்றவைத்ததைச் சோதித்துப் பார்க்கும் வேலை. கிளம்பும் நாள் பத்து மணி இருக்கும். கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். கம்பிக் கதவு திறந்து கிடந்தது. எதிர் வீட்டுக்காரர் கார் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஊருல எல்லாரையும் சம்பளம் கேட்டியே. என்னைய மட்டும் ஏன் ஒரு நாளும் கேக்கல?" என்றேன்.

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒன்னையப் போயி கேப்பேனா பாப்பா? படிக்க வச்சிட்டு, இப்ப எவ்ளோ வாங்குறன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? திருப்பிக் கேக்குற மாதிரி ஆயிராது?"

இதுதான் காரணமென்று எனக்கு எத்தனை வருடமாகத் தெரியாமல் இருந்திருக்கிறது! நான் என்னென்னவோ நினைத்து மனதுக்குள் பிணங்கியிருக்கிறேன். கண் நிறைந்துவிட்டது. "இப்ப கேளு" என்றேன்.

"எதுக்கு?"

"கேளுண்ணே."

அண்ணன் சிரித்தார். டாக்சிக்காரரிடம் கேட்ட அதே தோரணையில், கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "மாசம் கையில எவ்ளோ நிக்கும் டீச்சர்?" என்றார்.

நான் சொன்னேன். கடைசி சென் வரைக்கும் சொன்னேன். குரலைத் தாழ்த்தவில்லை. எதிர் வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயோடு திரும்பிப் பார்த்தார். பக்கத்து வீட்டம்மா துணியை உதறாமல் நின்றார். கேட்டுக்கொள்ளட்டும் என்று இன்னொரு முறையும் சொன்னேன்.

அண்ணன் அதைச் சிங்கப்பூர் காசுக்கு மாற்றிப் பார்க்கவில்லை. மாற்றினால் அவர் முகத்தில் எனக்குத் தெரிந்திருக்கும். வெறுமனே தலையை ஆட்டி ஆட்டி அந்தத் தொகையை மனதுக்குள் வைத்துக்கொண்டார். உள்ளே அம்மா இருமும் சத்தம் கேட்டது. அண்ணன் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தார்.

"நல்ல சம்பளம்தான் பாப்பா" என்றார். காபிக் கோப்பையை மறுபடி கையில் எடுத்து, "நானும் இங்கயே இருந்திருக்கலாம்" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அதைக் கேட்டது அன்றுதான். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெல்டிங் பொறி பட்டுப் பட்டுத் தழும்பேறிய கை. "இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போண்ணே" என்றேன்.

"லீவு இல்ல பாப்பா" என்றார் அண்ணன்.